முகவாதமும் எம் இல்லத்து மருந்தும்

(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



இன்று எம்மைப் பேசும்படி காரியதரிசி அவர்கள் பணித்த பொருள், நம்மவரிடை வழங்கிவரும் பரம்பரை மருந்துகளின் பெருமை என்பதாகும். பெருமையைப் பேசுவது எளிது, கேட்போர்க்கும் இனிது. ஆயினும் யாம் அவ்வெளிய வழியை விடுத்து, எம் இல்லத்திலேயே மூன்று தலைமுறையாக வழங்கிவந்த ஒரே ஒரு மருந்தை எடுத்துக்கொண்டு, அது செய்த நன்மை யாது, தீமை யாது என்று உங்கள் முன்னிலையில் நிறுத்துப் பார்க்கத் துணிந்தோம். அது முகவாதத்துக்குரிய மருந்து. இச்சபையில் அமர்ந்திருப்போருள் சிலர் அதனை எம் இல்லத்துத் திண்ணையிலிருந்து பெற்றுச் சென்றவர்கள்.

அம்மருந்தின் செய்முறையை நமது பத்திரிகையில் அச்சிட்டு ஊர்தோறும் பரப்ப வேண்டுமென்றும், சங்க நிதியிலிருந்து பொருளுதவி செய்து அதனை ஏழைகட்கு இலவசமாக வழங்க வேண்டுமென்றும் ஒரு தீர்மானம் இன்று மாலை பிரேரிக்கப்பட இருக்கின்றது. அன்பினாற் செய்யப்படும் அத்தீர்மானத்தைப் பற்றி எம் கருத்தை இறுதியிற் கூறுவோம். அதுவரையிற் பொறுமையுடன் செவிசாய்த்தருளுமாறு வேண்டுகின்றோம்.

எம் இல்லத்து வழக்கம்

எம் பாட்டனார் முகவாதம் என்று வந்தவர்க்கு மூன்று காரியங்கள் செய்வார். முதலாவது, கொடிவேலி வேர்ப்பட்டை சேர்ந்த ஒரு பற்றினைக் காதின் பின்புறத்தே இடுவது. இரண்டாவது, தைலமொன்றை மூக்கில் நசியமாக விடுவது. மூன்றாவது, சுத்தி செய்த எட்டிவித்துச் சேர்ந்த மாத்திரையைத் தேனிற் குழைத்துக் கொடுப்பது. இவற்றோடு நொச்சியிலை ஒற்றடமும், உளுந்து சேர்ந்த உணவும், காற்றுப் படாமல் இருத்தலும் உண்டு. கூலியாக ஒரு காசும் பெறுவதில்லை. குணமடைந்தவர் வெற்றிலை பாக்கும் தேங்காயும் கொண்டுவந்து வணங்கிச் செல்வர். அவ்வாறு வந்தவர்களுடைய பெயரையும் ஊரையும் பாட்டனார் ஒரு கணக்குப் புத்தகத்திற் குறித்துவைப்பார். எம் தந்தையாரும் அப்படியே குறித்தார், யாமும் குறித்தோம். “இத்தனை பேர் குணமடைந்தனரே, இதனினும் வேறு சான்று எதற்கு?” என்று அப்புத்தகத்தைக் காட்டிப் பலரிடம் யாம் வாதாடியதுண்டு. அவ்வாதம் எங்ஙனம் பிழைபட்டதென்பதைக் கூறவே இன்று உங்கள்முன் நிற்கின்றோம்.

நோயின் இயல்பு

முகத்தின் ஒரு பாதி திடீரென அசைவற்றுப் போவதே முகவாதம். இரவில் நலமாகப் படுத்தவர் காலையில் வாய் கொப்புளிக்கும்போது நீர் ஒரு கடைவாய் வழியே ஒழுகக் காண்பர். கண்ணாடியில் நோக்கினால் வாய் ஒருபுறம் இழுத்திருக்கும். நோயுற்ற பக்கத்துக் கண் மூடாது. நெற்றியிற் சுருக்கம் விழாது. சிலர்க்குக் காதின் பின்னே வலியும், நாவின் முற்பகுதியிற் சுவைக்குறைவும், ஓசை மிகுத்துக் கேட்பதும் உண்டு.

மூளையினின்று புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளுள் ஏழாவது, முகத்தின் தசைகளை இயக்குவது. அது காதருகிலுள்ள எலும்பினூடே ஒரு குறுகிய குழாய்வழியாக வளைந்து வந்து, பின்னரே முகத்திற் கிளைகளாகப் பரவுகின்றது. அந்நரம்பு வீங்குமாயின் எலும்புக் குழாய் விரிந்துகொடாது. ஆதலால் நரம்பு நெருக்குண்டு தன் தொழிலை இழக்கின்றது. முகத்தின் அசைவுக்கு ஒரு நரம்பும் உணர்ச்சிக்கு வேறொரு நரம்பும் உண்டென்பதை ஆராய்ந்து 1821-ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஸ்காட்லாந்து தேசத்தவராகிய சார்லஸ் பெல் என்னும் ரணவைத்தியர். ஆகவே, வேறு காரணம் இன்னதென்று புலப்படாத முகவாதத்துக்கு ‘பெல் வாதம்’ என்று அவர் பெயரே வழங்கலாயிற்று. ஆண்டொன்றுக்கு லக்ஷம் பேரில் ஏறக்குறைய 20 முதல் 30 பேரை இது பற்றுகின்றது. நீரிழிவுடையோர்க்கும் கருவுற்ற மாதர்க்கும் சற்று மிகுதி. குளிர்காற்று அடித்தமையாலும், பேருந்திற் சன்னலோரம் அமர்ந்தமையாலும் வந்ததென்று மக்கள் கூறுவர்; அது நிறுவப்படவில்லை. உதட்டோரத்திற் கொப்புளம் தோற்றுவிக்கும் ஒருவகை வைரஸ் கிருமி, நரம்பினுள் நெடுநாள் உறங்கிக் கிடந்து விழித்தெழுவதே காரணமாகலாம் என்பது அறிஞர் பலருடைய கொள்கை. 1996-இல் ஜப்பானிய மருத்துவர்கள் அறுவைச் சிகிச்சையின்போது எடுத்த நரம்புநீரைச் சோதித்து, பெல் வாத நோயாளிகள் 14 பேரில் 11 பேரிடம் அக்கிருமியின் அடையாளத்தைக் கண்டனர்.

நம் முன்னோர் இந்நோயை அறியாதவரல்லர். சித்த மருத்துவத்தார் வாதநோய் எண்பதென வகுத்தனர். வடமொழி ஆயுர்வேதத்தில் இது ‘அர்திதம்’ எனப்படும். ஆயினும் இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். சுசுருதர் அர்திதத்தை முகத்தளவிற் கூற, சரகரோ உடலின் பாதி பற்றியதையும் அச்சொல்லில் அடக்கினார். எனவே ‘அர்திதத்துக்கு மருந்து’ என்று ஏட்டில் இருந்தால், அது எந்த நோய்க்கென்று துணிதல் எளிதன்று. பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றாகாது. இதனை மறந்ததே யாம் செய்த முதற்பிழை.

எல்லா முகவாதமும் ஒன்றன்று

வாய் கோணுதல் ஓர் அடையாளமேயன்றி ஒரு நோயன்று. மூளையில் இரத்தக்குழாய் அடைபடுவதனாலோ வெடிப்பதனாலோ வரும் பக்ஷவாதத்திலும் வாய் கோணும். அவ்விரண்டையும் பிரித்தறிய ஓர் எளிய குறிப்பு உண்டு. நெற்றியின் தசைகட்கு மூளையின் இருபுறத்தினின்றும் ஆணை வருகின்றது. ஆகவே மூளையிற் பழுதுற்றால் வாய் கோணினும் நெற்றி பெரும்பாலும் சுருங்கும். நரம்பே பழுதுற்றால் நெற்றியும் சுருங்காது. ஆனால் இக்குறிப்பை மட்டும் நம்பி வீட்டிலிருத்தல் தகாது. கையோ காலோ தளர்தல், பேச்சுக் குழறல், தள்ளாடல், கடுந்தலைவலி இவற்றுள் ஒன்று உடனிருந்தாலும் அது மூளையின் நோயென்றே கொண்டு விரைய வேண்டும். அடைப்பைக் கரைக்கும் ஊசிமருந்தைப் பொதுவாக நோய் தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் செலுத்துதல் வேண்டும்.

ஒரு விடியற்காலையில் அயலூரிலிருந்து ஒருவரை எம் திண்ணைக்கு அழைத்துவந்தனர். வாய் கோணியிருந்தது; வலக்கை சற்றுத் தளர்ந்திருந்தது. யாம் பற்றுப் போட்டு, மாத்திரை கொடுத்து, மூன்றாம் நாள் வரச் சொன்னோம். அவர் வழியில் ஓர் ஆஸ்பத்திரியைக் கடந்து எம்மிடம் வந்தவர். எம்மிடமிருந்து மீண்டும் அதனைக் கடந்து வீடு சென்றவர். மூன்றாம் நாள் அவர் வரவில்லை, வர இயலவில்லை. எம் கணக்குப் புத்தகத்தில் அவர் பெயர் இல்லை.

இன்னும் சில நோய்களும் முகவாதமாகத் தோன்றும். காதினுள்ளும் காதுமடலிலும் கொப்புளங்கள் எழுந்து முகம் தளருமாயின், அது அக்கியால் வருவது. இதனை 1907-இல் ராம்ஸே ஹண்ட் என்னும் அமெரிக்க மருத்துவர் விவரித்தார். காதிற் சீழ் வடிதல் முற்றி நரம்பை அரிப்பதுண்டு. கன்னத்துச் சுரப்பியிற் கட்டி தோன்றி நரம்பைச் சிறிது சிறிதாக நெருக்குவதுண்டு. அப்பொழுது வாதம் ஒரே நாளில் வாராது, வாரக்கணக்கில் வளரும். உணர்ச்சியற்ற வெளுத்த தேமலோடு கண் மூடாமை காணின் குஷ்டநோயையும் நினைத்தல் வேண்டும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. அனைத்துக்கும் ஒரே பற்றினை இடுவோன் வைத்தியனாகான்.

கணக்கும் சான்றும்

இனி, எம் புத்தகத்துக்கு வருவோம். டென்மார்க்குத் தலைநகராகிய கோபன்ஹேகனில் பீட்டர்சன் என்னும் மருத்துவர், எம்மருந்தும் கொடாமல் இந்நோயின் போக்கினை 25 ஆண்டுகள் கவனித்து 2002-இல் முடிபை வெளியிட்டார். பெல் வாதமுற்ற 1,701 பேரில், மூன்று வாரத்துக்குள் முகம் அசையத் தொடங்கியோர் நூற்றுக்கு 85 பேர். ஏனையோர்க்கு மூன்று முதல் ஐந்து மாதங்களில் அசைவு திரும்பிற்று. முற்றும் பழைய நிலை எய்தியவர் நூற்றுக்கு 71 பேர். தொடக்கத்தில் முகம் சிறிதேனும் அசைந்தவர்களில் 94 பேர் முழுக் குணமடைந்தனர். அறவே அசையாதவர்களில் 61 பேரே குணமடைந்தனர்.

சகோதரர்களே! இக்கணக்கை முதன்முதற் படித்த அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. பற்றுமின்றி, நசியமுமின்றி, மாத்திரையுமின்றி நூற்றுக்கு 71 பேர் குணமடைவராயின், எம் திண்ணைக்கு வந்தவர்களிலும் அத்தனை பேர் எம் மருந்தில்லாமலே குணமடைந்திருப்பர் அல்லவா? எம் பற்று மூன்று வாரத்தில் வேலை செய்யும் என்று பாட்டனார் கூறுவார். இயற்கையும் மூன்று வாரத்திலேயே வேலை செய்கின்றது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நம்மிடையே உண்டு. எம் குடும்பம் மூன்று தலைமுறை அக்காக்கையைப் போற்றி வந்தது போலும்.

மற்றொன்று. தேங்காயுடன் திரும்பி வந்தவர் பெயரே எம் புத்தகத்தில் ஏறிற்று. குணமாகாதவர் எம்மை நோவாமல் தம் விதியை நொந்துகொண்டு வேறிடம் சென்றனர். வந்தவர்க்குக் கணக்குண்டு, வாராதவர்க்குக் கணக்கில்லை. லாபத்தை மாத்திரம் எழுதி நஷ்டத்தை எழுதாத பேரேட்டை நம் கடைகளில் எவரேனும் ஒப்புக்கொள்வரோ? கடையில் ஒப்பாததைத் திண்ணையில் யாம் ஒப்பினோம்.

அங்ஙனமாயின் ஒரு மருந்தின் வன்மையை அறியும் வழி யாது? ஒத்த நோயாளிகளை இரு கூறாக்கி, இன்னார்க்கு இன்னது என்பதை வைத்தியர் விருப்பப்படியன்றித் திருவுளச்சீட்டுப் போலக் குறித்து, ஒரு கூற்றார்க்கு மருந்தும் மற்றவர்க்கு மருந்துபோல் தோன்றும் வெறும் மாத்திரையும் கொடுத்து, எவர் பெற்றது எது என்பதை நோயாளியும் சோதிப்பவரும் அறியாவண்ணம் முடிவைக் கணக்கிடுவதே அவ்வழி. இவ்வாறே ஸ்காட்லாந்தில் 551 பேரைக்கொண்டு நடத்திய பரீக்ஷையின் முடிபு 2007-இல் வெளிவந்தது. நோய் தொடங்கி 72 மணி நேரத்துக்குள் பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்து தொடங்கிப் பத்து நாள் பெற்றவர்களில், மூன்று மாதத்தில் நூற்றுக்கு 83.0 பேர் குணமடைந்தனர். அது பெறாதவர்களில் 63.6 பேர். ஒன்பது மாதத்தில் முறையே 94.4 பேரும் 81.6 பேரும். அடுத்த ஆண்டில் ஸ்வீடனிலும் பின்லாந்திலும் 839 பேரிடம் நடந்த பரீக்ஷையும் இம்மருந்தின் பயனை உறுதிசெய்தது.

இதனால் யாம் மேனாட்டு மருந்துக்குக் கொடிபிடிப்பதாக எண்ணற்க. அதே ஸ்காட்லாந்துப் பரீக்ஷையில் அசைக்ளோவிர் என்னும் வைரஸ் எதிர்ப்பு மருந்தும் நிறுக்கப்பட்டது. நோய்க்குக் காரணம் வைரஸ் என்று பலர் எண்ணியிருந்தும், அம்மருந்து தனித்துப் பயன்படவில்லை என்றே தெரிந்தது. அறிவுக்குப் பொருத்தமாகத் தோன்றுவது வேறு, நிறுவப்படுவது வேறு. துலாக்கோல் இன்னார் மருந்தென்று பார்ப்பதில்லை.

எம் இல்லத்து மருந்தை இத்துலாக்கோலில் எவரும் நிறுத்ததில்லை. சீன தேசத்திலோ முகவாதத்துக்கு மூலிகை, ஊசி குத்தல் முதலிய பழைய முறைகளைக்கொண்டு பரீக்ஷைகள் பல நடந்துள்ளன. ஆயினும் ஊசி குத்தலைப் பற்றிய பரீக்ஷைகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் என்னும் சர்வதேசக் குழுவினர், அவற்றின் தரம் குறைவாதலால் பயனுண்டென்றோ இல்லையென்றோ துணிய இயலாதென 2010-இல் முடிபு கூறினர். நிறுவப்படாதது பொய்யென்று யாம் சொல்லவில்லை. நிறுவப்படாததை நிறுவப்பட்டதாகச் சொல்லி, நிறுவப்பட்ட மருந்துக்குரிய முதல் மூன்று நாட்களை நோயாளியிடமிருந்து பறிப்பது பாவம் என்றே சொல்லுகின்றோம்.

மூலிகையால் தீங்கில்லையோ?

“பயனில்லாவிடினும் பச்சிலைதானே, தீங்கென்ன செய்யும்?” என்பார் பலர். எம் மருந்தின் மூன்று உறுப்பையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

கொடிவேலியின் வேரில் பிளம்பாஜின் என்னும் காரப்பொருள் உண்டு. அது தோலிற் பட்டால் எரிந்து கொப்புளிக்கும். கொப்புளம் எழுவதே மருந்து வேலை செய்வதன் அடையாளமென்று எம் இல்லத்தில் நம்பினோம். அது தோலின் புண்ணேயன்றி, எலும்பினுள் வீங்கிய நரம்புக்கு அதனால் நன்மை விளைந்ததாகச் சான்றில்லை. கருவுற்ற மாதர்க்கு இவ்வேரை உள்ளுக்குக் கொடுத்தல் கருவைச் சிதைக்கக்கூடும். சில ஊர்களில் வண்ணார் துணிக்குக் குறியிடும் சேங்கொட்டையையும் பற்றிற் சேர்ப்பர். அதன் எண்ணெய் முகத்திற் பட்டு வீங்கி வெந்தவர்களை யாமே கண்டிருக்கின்றோம்.

நசியம் சாதுவானதாகத் தோன்றும். ஆனால் மூக்கில் விட்ட எண்ணெய் இருமலைக் கிளப்பாமலே மூச்சுக்குழாயில் இறங்கி நுரையீரலிற் தங்கி ஒருவகை அழற்சியை விளைக்கும். குழந்தைகட்கு மூக்கில் எண்ணெய் விடும் நம் நாட்டு வழக்கத்தால் இந்நோய் உண்டாதலை மருத்துவர்கள் நன்கறிவர். விழுங்குதற்கு இடர்ப்படும் முதியோர்க்கும் பக்ஷவாதமுற்றோர்க்கும் இதே அபாயம் உண்டு.

மூன்றாவதாகிய எட்டியே எல்லாவற்றினும் கொடியது. அதன் வித்திலுள்ள ஸ்டிரிக்னின் என்னும் நஞ்சினை 1818-இல் பிரான்ஸ் தேசத்து ரசாயனிகள் பிரித்தெடுத்தனர். தண்டுவடத்தில் தசைகளின் இயக்கத்தை மட்டுப்படுத்தி நிற்கும் ஓர் ஏற்பாட்டை அந்நஞ்சு தடுத்துவிடுகின்றது. ஆகவே தசைகள் கட்டவிழ்ந்த குதிரைபோல் இழுத்துக்கொள்ளும். தளர்ந்த உறுப்பை அது விறைக்கச் செய்யக் கண்டே வாதத்துக்கு இதனை முன்னோர் கொடுத்தனர் போலும். மேனாட்டாரும் 19-ஆம் நூற்றாண்டில் வாதத்துக்கு ஸ்டிரிக்னினைக் கொடுத்துப் பின்னர்க் கைவிட்டனர். முகவாதத்திற் பழுது தண்டுவடத்தில் இல்லை; காதருகே எலும்புக் குழாயில் உள்ளது. பழுதில்லாத இடத்தைக் கிளறிவிடுவதனால் பழுதுற்ற இடம் செம்மையாகுமோ? பாலிலும் நெய்யிலும் சுத்தி செய்வதால் நஞ்சு குறையும் என்பது மெய்யே. அறவே நீங்குமென்பது மெய்யன்று. ஒரு மரத்து வித்தும் மற்றொரு மரத்து வித்தும் நஞ்சின் அளவில் ஒத்திரா. கைப்பிடியாற் பொடித்து உருட்டும் மாத்திரையில் எவ்வளவு நஞ்சு நின்றதென்று எம் பாட்டனாரும் அறியார், யாமும் அறியோம். சட்டத்தாரும் இதனை உணர்ந்தே, எட்டி, நாபி, சேங்கொட்டை முதலியவற்றை நஞ்சுப் பொருள்களின் அட்டவணையிற் சேர்த்து, இவை கலந்த நாட்டு மருந்துகளின் மேல் வைத்தியர் மேற்பார்வையில் உண்ணுக என்னும் எச்சரிக்கை இருத்தல் வேண்டுமென விதித்துள்ளனர்.

கடையில் விற்கும் மருந்துகளைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து, 14 மருந்துகளில் ஈயம், பாதரசம், பாஷாணம் இவற்றுள் ஒன்றோ பலவோ மிகுந்திருந்ததாக 2004-இல் வெளியிட்டனர். வாதத்துக்கென விற்கும் சூரணங்கள் சிலவற்றில் ஸ்டீராய்டையே ஒளித்துக் கலந்திருக்கக் கண்டதும் உண்டு. அத்தகைய சூரணம் நீரிழிவுடையவர்க்கு எத்தகைய கேடு சூழுமென்று சொல்லவேண்டுவதில்லை. ஈசுவரமூலி, ஆடுதின்னாப்பாளை என்பன நம் நாட்டில் மருந்தென மதிக்கப்படுபவை. அவற்றின் இனத்துச் செடியொன்று உடல் மெலிவதற்கான மருந்திற் கலந்தமையால் பெல்ஜியம் நாட்டுப் பெண்டிர் பலர் சிறுநீரகம் கெட்டனர் என்பது 1993-இல் வெளிப்பட்டது. பச்சிலை என்பது ஒரு நிறமே, அது அபயமன்று.

கண்ணின் கதை

இவையெல்லாவற்றினும் எம் நெஞ்சைச் சுடுவது வேறொன்று. முகவாதத்தில் வாய் கோணுதலை யாவரும் காண்பர். கண் மூடாமையை எவரும் பொருட்படுத்தார். இமை மூடாத கண்ணுக்கு இரவும் பகலும் காவலில்லை. கண்ணீர் பரவாது, கருவிழி உலரும், தூசி விழும், புண்ணாகும், புண் ஆறினும் தழும்பு வெள்ளையாய் நிற்கும். அதனையே நம்மவர் ‘கண்ணிற் பூ விழுந்தது’ என்பர்.

எம் சிறிய தாயார்க்கு முகவாதம் கண்டது. வேறு எங்குச் செல்வார்? அக்காள் மகன் வைத்தியன் அல்லனோ! எம்மிடமே வந்தார். பற்றுப் போட்டோம், காதின் பின் கொப்புளம் எழுந்தது, நன்று என்றோம். கண் கரிக்கின்றது, சிவக்கின்றது என்றார். வாதம் இறங்குகின்றது என்றோம். காற்றுப் படாதிருக்க முகத்தைப் புடைவைத் தலைப்பால் மூடச் சொன்னோம். அத்தலைப்பே மூடாத கருவிழியை உராய்ந்துகொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் பார்வை மங்கிற்று. பட்டணத்துக் கண் ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்றபோது, அங்கிருந்த டாக்டர் அம்மையார் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. “முதல் நாளே இரவில் இமையை மூடி ஒட்டி, சொட்டுமருந்து விட்டிருந்தால் போதுமே” என்று மெல்லக் கூறினார். இரண்டு மாதத்தில் சிறிய தாயாரின் முகம் நேராயிற்று. கண் திரும்பவில்லை. அவர் மட்டும் அதன் பின்னர் ஒரு நாள் தேங்காயும் வெற்றிலையுமாக எம் வீட்டுக்கு வந்து, “வாய் நேராயிற்றே, அது போதும், அப்பா” என்றார். எம் கணக்குப் புத்தகத்தில் யாம் எழுதாது விட்ட தேங்காய் அது ஒன்றே. அன்று மூடிய புத்தகத்தை யாம் பின்னர்த் திறக்கவில்லை.

இதில் வியப்பொன்று உண்டு. இமையாத கண்ணை அர்திதத்தின் கொடிய குறிகளுள் ஒன்றாகச் சுசுருதர் முன்னமே கூறியிருக்கின்றார். முன்னோர் கண்டிருந்தனர், அவர் பெயராற் பிழைத்த யாமே காணவில்லை. ஆகவே பழமையைப் பழிப்பதாக எம்மை எவரும் கருத வேண்டா. ஏட்டிலிருந்து எமக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை விட்டது எம் குற்றமே.

செய்யத் தக்கன

முகம் கோணக் கண்டவுடன் செய்யத் தக்கவற்றைச் சுருங்கக் கூறுவோம். முதலாவது, அன்றே மருத்துவரிடம் செல்லுக. கை கால் தளர்ச்சியோ பேச்சுக் குழறலோ இருப்பின் ஒரு நாழிகையும் தாழ்த்தற்க. இரண்டாவது, பெல் வாதமெனத் தெளிந்தால், மூன்று நாட்களுக்குள் ஸ்டீராய்டு மருந்து தொடங்கலாமோ என்று கேட்டறிக. நீரிழிவு, காசநோய், கருப்பம் இவற்றை மறையாது சொல்லுக. ஏனெனில் அம்மருந்தும் கேடு செய்யக்கூடியதே. தாமே கடையில் வாங்கி உண்ணலாகாது. மூன்றாவது, கண்ணைக் காக்க. பகலிற் செயற்கைக் கண்ணீர்ச் சொட்டும் கண்ணாடியும், இரவிற் களிம்பும் இமையை மெல்ல மூடி ஒட்டுதலும் மருத்துவர் சொற்படி செய்க. கண் சிவந்தாலோ வலித்தாலோ மங்கினாலோ கண் மருத்துவரிடம் விரைக. நான்காவது, மூன்று வாரத்தில் அசைவு சிறிதும் தோன்றாவிடினும், மூன்று மாதத்தில் முகம் நேராகாவிடினும், நோய் மேன்மேலும் வளரினும் மீண்டும் சோதிப்பிக்க.

“அப்படியாயின் வீட்டு முறை எதுவுமே வேண்டாவோ?” என்று தாய்மார் கேட்பீர்கள். மருத்துவர் மருந்தோடு உளுந்துக்களி உண்பதில் ஒரு தீங்கும் இல்லை. கண்ணிற் படாமல், சூடு தாங்குமளவிற் நொச்சியிலை ஒற்றடம் கொடுத்தால் நோயாளிக்கு ஆறுதலாக இருக்கும். ஆறுதல் மருந்தன்று; ஆயினும் நோயுற்றோர்க்கு அதுவும் வேண்டுவதே. எரிக்கும் பற்றும், மூக்கில் விடும் எண்ணெயும், அளவறியாத நஞ்சுமே வேண்டா என்கின்றோம்.

தீர்மானத்தைப் பற்றி

இனி மாலைத் தீர்மானம். 1954-ஆம் ஆண்டு இந்திய சட்டமொன்று, குறித்த சில நோய்களைத் தீர்க்குமென மருந்துகளை விளம்பரம் செய்தலைத் தடுக்கின்றது. அச்சட்டத்தின் அட்டவணையில் வாதமும் ஒன்று. இது சங்கத்தார் கவனிக்கத் தக்கது. ஆயினும் சட்டத்துக்கு அஞ்சி யாம் மறுக்கவில்லை. எம் பாட்டனாரைத் தேடிவந்தவர்களை அவர் கண்ணாற் கண்டார். அச்சிற் படித்துத் தாமே அரைத்துப் பூசிக்கொள்வோரை நாம் எவரும் காணப்போவதில்லை. அவர்களுடைய கண்ணுக்கு நாம் எங்ஙனம் பொறுப்பேற்போம்?

ஆதலால் அத்தீர்மானத்துக்கு மாறாக மூன்று காரியங்களை விண்ணப்பிக்கின்றோம். எம் பாட்டனாருடைய கைப்பிரதியையும், நம்மவர் வீடுகளில் பரண்மேற் கிடக்கும் மருத்துவ ஏடுகளையும் தொகுத்து, தாம்பரம் சானடோரியத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனம் போன்ற ஆராய்ச்சி நிலையத்தாரிடம் ஒப்படைப்போமாக. அவற்றுள் நன்மருந்து இருப்பின் அவர்கள் நிறுத்துக் காட்டட்டும். அன்று நாம் உலகத்துக்கே பறைசாற்றலாம். 1921-இல் சென்னை அரசாங்கத்தார் முகம்மது உஸ்மான் அவர்கள் தலைமையில் நாட்டு மருத்துவத்தை ஆராயக் குழு அமைத்த காலந்தொட்டு நம்மவர் வேண்டிவருவது மதிப்பு. அம்மதிப்பு சோதனையின் வழியே வருவதுதான் நிலைக்கும். இரண்டாவது, இலவச மருந்துக்கென ஒதுக்கக் கருதிய பணத்தை, முகவாதமுற்ற ஏழைகள் மருத்துவரிடம் செல்லும் வண்டிச் செலவுக்கும் கண்மருந்துக்கும் ஆக்குவோமாக. மூன்றாவது, செய்முறைக்குப் பதிலாக மேலே கூறிய நான்கு செய்திகளையும் ஒரு துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு வீடுதோறும் கொடுப்போமாக.

எம் இல்லத்துத் திண்ணைக்கு இன்றும் வாய் கோணியவர்கள் வருகின்றனர். யாம் அவர்களுக்குப் பற்று இடுவதில்லை. கண் மூடுகின்றதா என்று பார்க்கின்றோம். கையைத் தூக்கச் சொல்லுகின்றோம். நெற்றியைச் சுருக்கச் சொல்லுகின்றோம். பின்னர் எம் மகனுடைய வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்புகின்றோம். புதிய புத்தகம் ஒன்று தொடங்கியுள்ளோம். வந்த அன்றே ஒவ்வொருவர் பெயரையும் அதில் எழுதுகின்றோம். குணமடைந்தோர், அடையாதோர் இருவரையும் மூன்று மாதம் கழித்து வீடு தேடிச் சென்று விசாரித்து எழுதுகின்றோம். அதன் முதல் ஏட்டில் எம் சிறிய தாயார் பெயரே உள்ளது.